கடல் கொழும்புக்கு, கரை யாருக்கு?

நமது பிரதேச சபை அமர்வின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பகிர்ந்தவர்களும் நீங்கள்தான், சிரிப்புக் குறி போட்டவர்களும் நீங்கள்தான். ஆகவே முழுக் கதையையும் எழுதப்போவதில்லை. கிழக்குக் கடலில் எரிவாயு தேடும் வேலை மறுபடி தொடங்கினால் நமது சபை என்ன ஆயத்தத்தில் இருக்கிறது என்று அந்த இளம் உறுப்பினர் கேட்டார். "தம்பி, முதலில் உங்கள் வட்டாரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். எரிவாயுவைக் கொழும்பு பார்த்துக்கொள்ளும்" என்றார் தவிசாளர். சபை குலுங்கிச் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் மேசையையும் தட்டினார்.

தவிசாளர் ஐயா, கடல் கொழும்பினுடையது. சரி. கரை யாருடையது?

சட்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று வரவேண்டாம். 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எண்ணெயும் எரிவாயுவும் மத்திய அரசின் விடயம். பிரதேச சபை அதற்கு அனுமதி கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பாதைகள் ஆகியவற்றைச் சபையின் பொறுப்பில்தான் விட்டிருக்கிறது. பெரிய திட்டம் ஒன்று ஊருக்குள் கால் வைத்தால் முதல் அடி அங்கேதான் விழும். துளையிடலாமா கூடாதா என்று தீர்மானிக்கச் சொல்லவில்லை. ஆயத்தமாக இருங்கள் என்கிறோம். அதற்கா இந்தச் சிரிப்பு?

"மன்னாரில் 2011இல் கண்ட எரிவாயுவே இன்னும் அடுப்புக்கு வரவில்லை, கிழக்குக்கு வரப்போகிறதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கிழக்குக் கடலின் ஜே.எஸ்.5, ஜே.எஸ்.6 பகுதிகளை ஆராய 2016இல் பிரான்சின் டோட்டால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். கிணறு எதுவும் தோண்டப்படவில்லை. வராமலே போகலாம். ஆனால் வருவதற்கு முன்பு மட்டும்தானே ஆயத்தம் செய்ய முடியும்? கப்பல் வந்து நின்ற பிறகு குழு அமைத்தால் அந்தக் குழு வரவேற்பு மாலைதான் வாங்கும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தைப் பாருங்கள். எரிவாயு நிறுவனங்கள் படையெடுத்த ஊர்களில் பல நமது சபைகளைப் போலச் சின்னஞ்சிறியவை. அங்கே ஒரு வீதிக்கு எடை வரம்பு விதித்துப் பலகை நட்டுவிட்டால், அதற்கு மேல் பாரம் ஏற்றும் நிறுவனம் வீதியைச் செப்பனிடுவதற்குப் பிணைப்பணம் கட்டவேண்டும். துளையிடுவதற்கு முன்பே கிணற்று நீரைப் பரிசோதித்து வைத்துக்கொள்கிறார்கள். பின்னர் நீர் கெட்டால் "முதலிலேயே இப்படித்தான் இருந்தது" என்று யாரும் கைகழுவ முடியாது. 2012இல் ஒரு சட்டம் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் கிணறுகளுக்குக் கட்டணம் விதித்து, அதில் ஒரு பங்கை உள்ளூர்ச் சபைகளுக்கும் கொடுத்தது. அதே சட்டம், துளையிடும் இடத்தை மட்டுப்படுத்தும் அதிகாரத்தைச் சபைகளிடமிருந்து பிடுங்கப் பார்த்தது. ரொபின்சன் என்ற சிற்றூரும் வேறு சில ஊர்களும் வழக்குப் போட்டன. 2013 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தது. அந்த ஊர்களின் சபைகளிலும் தெருவிளக்குப் பிரச்சினை இருந்திருக்கும் ஐயா.

"அது தரை, இது கடல்." பாதி சரி. ஆனால் கடலில் துளையிடுகிறவன் கடலிலேயே குடியிருப்பதில்லை. அவனுக்கு இறங்குதுறை வேண்டும், குழாய் அடுக்கக் காணி வேண்டும், பாரவண்டி ஓட வீதி வேண்டும். மணல் டிப்பர்கள் நமது கிரவல் வீதியை என்ன செய்தன என்று பார்த்தவர்கள்தானே நாம்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றுப் பள்ளத்தைக் கடக்கிறார்கள். ஒரு ரூபாய்ப் பிணை வாங்கியிருந்தோமா?

அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகத்தை மறந்துவிட்டீர்களா? 2013இல் திறந்தார்கள். வாசலை மணல் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. அங்கே என் நண்பனின் வாப்பாவுக்குக் கரையோரத்தில் தென்னந்தோட்டம் இருந்தது. ஒருநாள் போயிருந்தபோது, வேர் முழுக்க வெளியே தெரிய ஒரு தென்னை கடல் பக்கம் சாய்ந்து நின்றது. குலையில் காயும் இருந்தது. அவர் காணி உறுதியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்தார். நட்டஈடு கேட்டுப் போன அலுவலகத்தில், "முன்பு கரை எங்கே இருந்தது என்பதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள்" என்றார்களாம். "கரைக்கு யாரிடம் மகன் உறுதி எழுதுவது?" என்று என்னிடம் கேட்டார். துறைமுகம் வருவதற்கு முன்பே உள்ளூரில் யாராவது கரையை அளந்து ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் அந்த மனிதர் அப்படி அலைந்திருக்க வேண்டியதில்லை. நான் கேட்பது அந்தத் தாளைத்தான்.

2020 செப்டம்பரில் நமது கிழக்குக் கரையின் சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' கப்பல் பற்றி எரிந்தது. உள்ளே சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகெண்ணெய். அந்த நாட்களில் கரைவலைக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள், வலை போடலாமா என்று. நான் ஓய்வுபெற்ற வாத்தியார், எனக்கு என்ன தெரியும்? சபைக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்தவர் என்னிடமே செய்தி கேட்டார். எண்ணெய்த் தாங்கி தப்பியது நமது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை ஆயத்தம் என்று கணக்கெழுத முடியாது.

"பணம் எங்கே?" என்கிறீர்கள். ஊரின் குடிநீர்க் கிணறுகளின் பட்டியல் எடுக்கப் பணம் வேண்டாம், கிராம சேவகரும் சுகாதாரப் பரிசோதகரும் போதும். நீர் பரிசோதிக்க வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கடிதத்துக்கும் நிதி ஒதுக்கீடு இல்லையா?

"அபிவிருத்திக்கு எதிரி", "வெளிநாட்டுக் காசு வாங்குகிறவன்" என்று எழுதியவர்களுக்குப் பதில் இல்லை. அந்தக் காசு வந்தால் என் வீட்டுக் கூரையை மாற்றுவேன்.

உண்மையில் எனக்கு வலித்தது தவிசாளரின் பேச்சுகூட அல்ல. அந்தச் சிரிப்பு. இந்தச் சபை வேண்டும் என்று தேர்தலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். அதிகாரப் பகிர்வு என்று மேடை மேடையாகப் பேசியவர்கள் நமது ஆட்கள். கையில் இருக்கிற சிறு அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொன்ன ஒரு பிள்ளையைப் பார்த்து, "கொழும்பு பார்த்துக்கொள்ளும்" என்று சிரிக்கிறார்கள். கொழும்பு எதை ஐயா இதுவரை பார்த்துக்கொண்டது?

பிரேரணை வரைவு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன், ஒரே பக்கம். வீதிப் பிணை, கிணற்று நீர், கரை அளவு, மீனவர் பதிவு. எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் தருகிறேன். கீழே தன் பெயரையே போட்டுக்கொள்ளட்டும்.