கட்டில் முதலில் வந்தது

சனிக்கிழமை இரவு நம் வாட்ஸாப் குழுவில் நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஸ்கிரீன்ஷாட் எனக்கே மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. பிள்ளைகளிடம் தீ விபத்து பற்றிப் பேச வல்கன் சொஸைட்டியிலிருந்து, அதாவது நியூயார்க் தீயணைப்புத் துறையின் கறுப்பின வீரர்கள் சங்கத்திலிருந்து, யாரையாவது கூப்பிடலாமா என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். "தீக்குக் கறுப்பு வெள்ளை தெரியுமா? அவங்களுக்கு மட்டும் எதுக்குத் தனிச் சங்கம்?" என்று அண்ணன் எழுத, கீழே வரிசையாகக் கைதட்டல். ஒருவர் 'செம' என்று போட்டிருந்தார். எங்கே? அமெரிக்காவில், ஒரு தமிழ்ச் சங்கத்தின் குழுவில். சரி.

அங்கேயே பதில் எழுதினேன். பொங்கல் விழா வரவு செலவுக்கு நடுவில் எதற்கு என்று அழித்துவிட்டேன். மூன்று நாளாக மனசு ஆறவில்லை, அதனால் இங்கே.

தீக்கு நிறம் தெரியாதுதான் அண்ணா. தீயை அணைக்கப் போனவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

1919 ஜனவரி 10. வெஸ்லி வில்லியம்ஸ் என்ற இளைஞர் மன்ஹாட்டனில் புரூம் தெருவில் இருந்த 55ஆம் எஞ்சின் நிலையத்துக்கு முதல் நாள் வேலைக்குப் போகிறார். உடல்தகுதித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர். அவருடைய அப்பா கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் சிவப்புத் தொப்பிப் போர்ட்டர்களுக்குத் தலைவர். அன்றைக்கே அந்த நிலையத்தின் கேப்டன் ஓய்வு பெற்றுக்கொண்டு போய்விட்டார், ஒரு கறுப்பர் இருக்கும் நிலையத்துக்குக் கேப்டனாக இருக்க முடியாதாம். மிச்சமிருந்த அத்தனை பேரும் மாற்றல் கேட்டார்கள். துறை ஒரு வருடத்துக்கு யாருக்கும் மாற்றல் கிடையாது என்று சொல்லிவிட்டதால் வேறு வழியில்லாமல் இருந்தார்கள். வில்லியம்ஸ் குத்துச்சண்டை தெரிந்தவர். நிலவறையில் வைத்துச் சில கணக்குகளைத் தீர்த்துக்கொண்டதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும், மன்னிக்கவும்.

தீயணைப்பு நிலையம் நம் ஆபீஸ் மாதிரி இல்லை. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயேதான். அதனால் கட்டில் என்பது சின்ன விஷயம் இல்லை. நியூயார்க் நிலையங்களில் 'கறுப்பர் கட்டில்' என்றே ஒன்று இருந்தது. பெரும்பாலும் கழிப்பறையை ஒட்டி. கறுப்பின வீரர் வந்தால் அதில்தான் படுக்க வேண்டும். மற்றவர்கள் அதில் படுக்கமாட்டார்கள்.

இந்தக் கட்டிலை ஒழிக்கத்தான் அண்ணா, 1940இல் வில்லியம்ஸும் மற்றவர்களும் வல்கன் சொஸைட்டியைத் தொடங்கினார்கள். வல்கன் என்றால் ரோமானியர்களின் நெருப்புக் கடவுள். அப்போது வில்லியம்ஸ் சாதாரண ஆள் இல்லை. 1927இல் லெப்டினன்ட், 1934இல் கேப்டன், 1938இல் பல நிலையங்களுக்கு மேலதிகாரியான பட்டாலியன் சீஃப். அவருடைய தோளில் பட்டை ஏறிக்கொண்டே போனது, கட்டில் மட்டும் கழிப்பறைப் பக்கத்தை விட்டு நகரவில்லை. கட்டில் முதலில் வந்தது. சங்கம் அப்புறம்தான் வந்தது. இதைத்தான் சொல்ல வந்தேன். மிச்சத்தைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

"புதுசா வர்றவனுக்கு எங்கேயும் மோசமான இடம்தான் கிடைக்கும்" என்று கமெண்டில் ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். நானும் அந்த இடத்தில் படுத்திருக்கிறேன். 2006இல் ஜெர்சி சிட்டியில் ஆறு பேர் இருந்த கெஸ்ட் ஹவுஸில், கடைசியாக வந்தவன் என்பதால் எனக்குக் காற்று மெத்தை, பாத்ரூம் கதவுக்கு நேர் எதிரே. ராத்திரி யார் எழுந்து போனாலும் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். ஏழாவது ஆள் வந்த அன்று என்ன செய்தேன் தெரியுமா? வெட்கமே இல்லாமல் மெத்தையை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டேன். எனக்கு ஏழாவது ஆள் வந்தான். அந்தக் கட்டிலில் படுத்தவருக்கு இருபது வருட சர்வீஸ் ஆனாலும் அப்படி ஒருவன் வரமாட்டான். அதுதான் வித்தியாசம்.

லாஸ் ஏஞ்சலஸில் கட்டிலோடு நிற்கவில்லை, நிலையத்தையே பிரித்துவிட்டார்கள். கறுப்பின வீரர்கள் எல்லோரும் சென்ட்ரல் அவென்யூவில் இருந்த 14, 30 என்ற இரண்டே நிலையங்களில். அங்கே ஒரு பதவி காலியானால்தான் பதவி உயர்வு. 1954இல் ஸ்டென்டோரியன்ஸ் என்ற சங்கத்தைக் கூட்டினார்கள். 1956இல்தான் அவர்களைப் பிரித்து மற்ற நிலையங்களுக்கு அனுப்பினார்கள். 30ஆம் நிலையம் இன்று அருங்காட்சியகம். ஊர் ஊராக இருந்த இந்தச் சங்கங்கள் 1970இல் ஹார்ட்ஃபோர்டில் கூடி ஒரு சர்வதேசச் சங்கமும் ஆயிற்று. எங்கே பார்த்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் கட்டில்.

அப்புறம், 'அவங்களுக்கு மட்டும்' என்ற வார்த்தை. யார் சொன்னது மட்டும் என்று? அதே நியூயார்க் துறையில் ஐரிஷ்காரர்களுக்கு எமரால்ட் சொஸைட்டி உண்டு. இத்தாலியர்களுக்குக் கொலம்பியா அசோசியேஷன். யூதர்களுக்கு நேர் தமித். ஹிஸ்பானிக் சொஸைட்டி தனி. எமரால்ட் சொஸைட்டிக்காரர்கள் பேக்பைப் வாசித்துக்கொண்டு ஐந்தாம் அவென்யூவில் போனபோது நம் குழுவில் வீடியோ போட்டது யார்? நான் இல்லை. "என்ன ஒரு பாரம்பரியம்!" என்று எழுதியதும் நான் இல்லை.

அடுத்தது மெரிட். இது வரும். நம் ஆட்களிடம் இது வராமல் இருக்காது. "பரீட்சை எல்லாருக்கும் ஒண்ணுதானே?" ஒன்றுதான். அந்தப் பரீட்சைக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் கேள்வி. வல்கன் சொஸைட்டி 1973லேயே வழக்குப் போட்டு ஜெயித்தது. மூன்று வெள்ளையர்களுக்கு ஒரு சிறுபான்மையினர் என்று எடுக்கச் சொன்னது நீதிமன்றம். 1977இல் அந்த உத்தரவு முடிந்தது, பழைய குருடி கதவைத் திறடி. 2007இல் அமெரிக்க மத்திய அரசே நகரத்தின் மேல் வழக்குப் போட்டது, வல்கன் சொஸைட்டியும் சேர்ந்துகொண்டது. அப்போது ஊரில் நான்கில் ஒருவர் கறுப்பர், தீயணைப்பு வீரர்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இருக்கவில்லை. 1999, 2002 எழுத்துத் தேர்வுகள் வேலைக்குத் தேவையானதைச் சோதித்ததாக நகரத்தால் காட்ட முடியவில்லை என்று 2009இல் நீதிபதி காராஃபிஸ் தீர்ப்புச் சொன்னார். 2014இல் சுமார் 9.8 கோடி டாலருக்குச் சமரசம். இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை. வில்லியம்ஸுக்கு மெரிட் இல்லையா? முழு மதிப்பெண் வாங்கியவரைப் பார்த்துத்தான் கேப்டன் வீட்டுக்குப் போனார்.

ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்பு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, மூன்று தீயணைப்பு வீரர்கள் கொடியேற்றும் அந்தப் புகழ்பெற்ற படத்தைச் சிலையாக்க நினைத்தார்கள். படத்தில் இருந்த மூவரும் வெள்ளையர்கள். சிலையில் ஒருவரைக் கறுப்பராக, ஒருவரை ஹிஸ்பானிக்காக மாற்றலாம் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 2002 ஜனவரியில் கைவிட்டார்கள். நிஜமாக நின்றவர்களின் முகத்தை மாற்றுவது எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் அன்று இறந்த 343 தீயணைப்பு வீரர்களில் 12 பேர் கறுப்பர்கள். அவர்கள் முகம் எந்தப் படத்தில் இருக்கிறது என்று கேட்டால், 'பிரிவினை பேசாதே' என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்ள ஆரம்பித்து வேறு எங்கோ வந்துவிட்டேன். கோபத்தில் எழுதினால் இப்படித்தான்.

உண்மையில் கோபம் சனிக்கிழமையைப் பற்றியதுகூட இல்லை. இங்கே நான் வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலம். மைக்ரோவேவில் சாம்பார் சாதத்தைச் சூடு பண்ணினேன். அடுத்த நாள் மைக்ரோவேவ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, 'வாசனை வரும் உணவுகளைத் தவிர்க்கவும்' என்று. பெயர் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை, அந்தத் தளத்தில் நாங்கள் நாலே பேர். அன்றிலிருந்து நாங்கள் நாலு பேரும் அவசர வழிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம், ஆறிப்போனதை. இரண்டு மாதம் கழித்து மேனேஜர் அந்தக் கதவைத் திறந்தார், எங்களைப் பார்த்தார், சிரித்தபடியே கேட்டார்: "நீங்கள் எல்லாம் ஏன் எப்போதும் தனியாகவே இருக்கிறீர்கள்?"

நாங்களும் சிரித்தோம். வேறு என்ன செய்வது, விசா அவர் கையில்.

அண்ணா, அன்றைக்கு எனக்கு ஒரு படி மேலே நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் உங்களுடையது. மேனேஜர் போனதும் கதவை முதலில் இழுத்துச் சாத்தியதும் நீங்கள்தான்.