டிலனாய் கட்டினாராம்

இன்றைக்கும் ஒருவர் கேட்டுவிட்டார். "கலை வரலாறு படிச்சவளுக்குக் கோட்டையில என்ன வேலை? அங்க ஒரு சிலைகூட இல்லையே?" கேட்டது சொந்தத் தாய்மாமா, அதுவும் கல்யாண வீட்டுப் பந்தியில். சிரித்து வைத்தேன். மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது என் வழிகாட்டியும் இதையேதான் கேட்டார். சுசீந்திரம் கோயில் பக்கத்திலேயே இருக்கும்போது கன்னியாகுமரிக் கடலோரத்து வட்டக்கோட்டைக்கு எதற்குப் போகிறாய் என்றார். நியாயம்தான், சுசீந்திரத்தில் தட்டினால் பாடும் தூண் இருக்கிறது, கோட்டையில் சுவர்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவரை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? பெயர் வட்டக்கோட்டை, உள்ளே போனால் செவ்வகம்! மூன்றரை ஏக்கர்தான். முன்பக்கச் சுவர் 29 அடி தடிமன், பின்பக்கம் வெறும் 6 அடி. கட்டியவனுக்கு எந்தத் திசையில் பயம் இருந்தது என்று அந்தச் சுவரே சொல்லிவிடும். மேலே போகப் படிக்கட்டு இல்லாமல் சாய்தளமாக ஏறுகிறதே, அது பீரங்கியை உருட்டிக்கொண்டு போக. நாம் அதில் ஏறி நின்று கடலோடு செல்பி எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறோம்.

சரி, என் உண்மையான ஆதங்கத்துக்கு வருகிறேன். புலியூர்க்குறிச்சியில் யாரைக் கேட்டாலும் அங்கிருக்கும் உதயகிரிக் கோட்டையை டச்சுப் படை அதிகாரி டிலனாய் கட்டினார் என்பார்கள், டிலனாய் கோட்டை என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. 1741 குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது, பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார், 1777இல் இறந்து அந்தக் கோட்டைக்குள்ளேயே கிடக்கிறார், கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. எல்லாம் உண்மை. ஆனால் அவர் வருவதற்கு நூறு வருடம் முன்பே அங்கே ஒரு கோட்டை இருந்தது. திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா அதைத் திருத்திப் பலப்படுத்தியபோது வேலையை மேற்பார்த்தவர் டிலனாய். பீரங்கிக் கணக்கு அவருடையது என்றே வைத்துக்கொள்வோம், கல்லைப் பிளந்தது யார்?

இந்தக் கேள்வியில்தான் என் பாதி ஆயுசு போனது. டச்சுக் கம்பெனிக் காகிதங்கள் ஹேக் நகரத்தில், கொஞ்சம் சென்னை ஆவணக் காப்பகத்தில். திருவிதாங்கூர் ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும், அங்கே மலையாளம். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, காகிதங்கள் சேரவில்லை. மலையாளம் வாசிக்கப் படித்தேன், டச்சு அரைகுறை. நிரந்தர வேலை 41 வயதில்தான் கிடைத்தது. அதுவரை கெளரவ விரிவுரையாளர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளம், அதிலும் பாதி பஸ் டிக்கெட்டுக்கு.

இத்தனை காகிதம் புரட்டியும் கிடைக்காததை ஒருநாள் மயிலாடியில் கல்வேலை செய்கிற ஒரு அண்ணன் காட்டினார். சும்மா வாங்க என்று உதயகிரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். அவர் லத்தீன் கல்லறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சுவர்ப் பக்கம் போனார், ஒரு கல்லின் விளிம்பில் வரிசையாக இருந்த சின்னக் குழிகளில் விரலை விட்டார். "இந்தா பாருங்க, கல்லைப் பிளக்க இங்கதான் ஆப்பு வச்சிருக்கான்." நாலடி தள்ளி இன்னொரு கல். அதில் குழிகள் நெருக்கமாக, கோணல்மாணலாக. "இது வேற கை. இவன் அவசரக்காரன்."

அன்றைக்குத்தான் என் நோட்டில் டிலனாய் தவிர இரண்டு பேர் நுழைந்தார்கள். பெயர் இல்லை, கை மட்டும்.

இதனால்தான் பழைய சுவரில் சிமெண்டைப் பூசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டிவைக்கும், நாளடைவில் கல்லே பொரிந்து போகும். ஆப்புக்குழியும் அந்தப் பூச்சுக்குள் போய்விட்டால் அப்புறம் யார் விரல் வைத்துப் பார்ப்பது? பத்மநாபபுரத்தில் அரண்மனையைப் பார்க்க வருகிற கூட்டத்தில் நூறில் ஒருவராவது அதைச் சுற்றியிருக்கும் கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறாரா என்று வாசலில் நின்று எண்ணியிருக்கிறேன். வேண்டாம், அந்தக் கணக்கைச் சொன்னால் சண்டை வரும்.

மாமாவை வருகிற ஞாயிறு உதயகிரிக்குக் கூட்டிப்போகிறேன். அந்த அவசரக்காரனின் கல்லைக் காட்ட வேண்டும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறேன். சுவரோரம் பாம்பு உண்டு.