அம்பதுக்குப் பன்னிரண்டு

சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் நாடாளுமன்றம் மாதிரி நடித்துக் காட்டுகிற போட்டிக்கு நடுவராகப் போய் நான் கோபமாகப் பேசின விவகாரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். என் பேச்சிலிருந்து வெட்டி எடுத்த நாற்பது விநாடி வீடியோவை எனக்கே பதினேழு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ரெண்டு பேர் என் சொந்த மச்சினன்மார். நேற்று ராத்திரி பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான். "அப்பா, ரிட்டயர்டு ஆனப்புறம் உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? இங்க ஆபீஸ்ல ஒருத்தன் காமிச்சிச் சிரிக்கான்" என்றான். சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் பார்த்தாச்சு என்பதால் முதலிலிருந்து கதை சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூடத்தின் பேரும் வேண்டாம், அங்கே நல்ல வாத்தியார்கள் இருக்கிறார்கள்.

வீடியோவில் வராததை மட்டும் சொல்லுதேன்.

மாதிரி நாடாளுமன்றப் போட்டி, நாலு அணி, மூணு நடுவர். முதல் பரிசு வாங்கிய அணியில் திரை விலகின உடனேயே ஒருத்தன் காகிதத்தைக் கிழித்து வீசினான். கைதட்டல். எட்டுப் பேர் நடுவில் ஓடிவந்து கோஷம் போட்டார்கள். ஒரு பையன் பவுடர் டப்பாவைத் திறந்து ஊதினான். 2014 பிப்ரவரியில் தெலங்கானா மசோதா அன்றைக்கு மக்களவைக்குள் மிளகு ஸ்பிரே அடித்தார்களே, அதுதானாம். அந்தப் பையனுக்கு அப்போ ரெண்டு மூணு வயசு இருந்திருக்கும், வீட்டில் யாரோ பெரியவங்கதான் சொல்லிக்கொடுத்திருக்கணும். சபாநாயகராக இருந்த பிள்ளை, சினிமா கோர்ட்டிலிருந்து கடன் வாங்கின சுத்தியலை வைத்துத் தட்டு தட்டென்று தட்டி, பதினோரு பேரை சஸ்பெண்ட் பண்ணிற்று. அந்தக் கூச்சலுக்குள்ளேயே மூணு மசோதா நிறைவேறியது. மொத்தம் நாலு நிமிஷம். அரங்கமே சிரித்து உருண்டது. என் பக்கத்தில் இருந்த நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்பதுக்கு நாற்பத்தாறு போட்டார். நான் பன்னிரண்டு போட்டேன்.

பிறகு என்னை 'ரெண்டு வார்த்தை' பேசச் சொன்னார்கள். ஒன்பது நிமிஷம் பேசிவிட்டேன். அது என் தப்பு, வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். அதில் வெட்டி எடுத்ததுதான், "இது நாடாளுமன்றமா மீன் சந்தையா" என்று நான் கையை ஆட்டுகிற இடம்.

அதற்கு ஒரு தம்பி, "மீன் விக்கிறவங்களை ஏன் சார் கேவலப்படுத்துதீங்க" என்று கமெண்ட் போட்டிருந்தார். அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். மீன் ஏலத்தில் கூவுகிறவன் சொல்கிற விலை கடைசியில் நிற்கிறவன் காதிலும் விழும். கேட்டவனுக்குப் பதிலும் வரும். ஒப்பிட்டது தப்பு.

மற்றவர்களுக்குச் சொல்வது இதுதான். பிள்ளைகள் தப்பாக நடித்தார்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஒன்பது நிமிஷத்தையும் கேட்டுப் பாருங்கள். சரியாக நடித்தார்கள். பார்த்ததை அப்படியே நடித்தார்கள். என் வயித்தெரிச்சல் அதுதான்.

நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டேன், அதையும் வெட்டிவிட்டார்கள். "துணை சபாநாயகர் யாரும்மா?" என்றேன். சபாநாயகராக இருந்த பிள்ளை முழித்தது. "அப்படி ஒரு போஸ்ட் இருக்கா சார்?" அரசியல் சாசனத்தின் 93-வது பிரிவைக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறீர்களே என்று கோபப்பட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போதுதான் உறைத்தது. 2014-லிருந்து 2019 வரை நம்ம தம்பிதுரை இருந்தார். அதற்கப்புறம் வந்த 17-வது மக்களவை அஞ்சு வருஷத்தையும் துணை சபாநாயகரே இல்லாமல் ஓட்டி முடித்தது. பிள்ளை சொன்னதுதான் சரி, நான்தான் பழைய ஞாபகத்தில் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையிடமும் மன்னிப்பு. (இதுவரை ரெண்டு ஆச்சு.)

"பிள்ளைங்க விளையாட்டு அண்ணாச்சி, இதைப் போயி..." என்பவர்களுக்கு. விளையாட்டுதான். நாங்கள் சின்ன வயசில் வாத்தியார் விளையாட்டு விளையாடினால் ஒருத்தன் பிரம்பை எடுத்துக்கொள்வான். வாத்தியார் என்றால் பிரம்பு, எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளுக்கு நாடாளுமன்றம் என்றால் என்ன தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளையாவது எழுந்து நின்று ஒரு அமைச்சரை மடக்குகிற மாதிரி நடித்ததா? நாலு அணியிலும் கிடையாது. அப்படி ஒன்று நடக்கும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். அதுதான் என் கோளாறு.

முப்பத்தி நாலு வருஷம் எல்.ஐ.சி.யில் குப்பை கொட்டியவன் நான். சேர்ந்த புதிதில் சீனியர்கள் டீ குடிக்கும்போது முந்த்ரா கதையை ராமாயணம் மாதிரிச் சொல்வார்கள். 1956-ல் எல்.ஐ.சி. ஆரம்பிக்கிறது. அடுத்த வருஷமே ஹரிதாஸ் முந்த்ரா என்கிற கல்கத்தா ஆளின் கம்பெனிப் பங்குகளில் ஒண்ணேகால் கோடி ரூபாய் போகிறது. பாலிசிதாரன் காசு. இதை மக்களவையில் எழுந்து கேட்டது யார்? பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி எம்.பி., பிரதமர் நேருவின் மருமகன். மாமனார் ஆட்சியை மருமகன் நிற்க வைத்துக் கேட்டார். நீதிபதி சாக்ளா விசாரித்தார், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். காகிதம் கிழிக்கவில்லை, பவுடர் ஊதவில்லை. கேள்விதான் கேட்டார்.

(அதே டி.டி.கே. 1962-ல் நம்ம திருச்செந்தூர் தொகுதியில் நின்று போட்டியே இல்லாமல் ஜெயித்தார். இதைப் பெருமையாகச் சொல்வதா வேறு மாதிரிச் சொல்வதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

இன்றைக்கும் ஆளுங்கட்சி எம்.பி. கேள்வி கேட்கத் தடையில்லை. ஆனால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்கு அப்புறம் கட்சிக் கொறடா சொன்னதற்கு மாற்றி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். பதவி போகும் என்று தெரிந்தவன் வாயையும் சேர்த்தே மூடிக்கொள்கிறான், மனுசன்தானே.

அப்புறம் நாள் கணக்கு. 1952-ல் வந்த முதல் மக்களவை 677 நாள் கூடியது. 17-வது மக்களவை கூடினது 274 நாள். வருஷத்துக்கு 55. எங்க பிராஞ்சில் வருஷத்துக்கு 55 நாள் வந்திருந்தால் மெமோ வீட்டுக்கே வந்திருக்கும். கூடுகிற நாளிலாவது வேலை நடக்கிறதா? 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் மக்களவைக்கு 120 மணி நேரம் ஒதுக்கினார்கள், பேசினது 37 மணி நேரம். ஆன்லைன் விளையாட்டு மசோதா ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவைக்கு வந்தது, அன்றைக்கே நிறைவேறியது, மறுநாள் மாநிலங்களவையிலும் முடிந்தது. சனிக்கிழமை மேடையில் நாலு நிமிஷத்தில் மூணு மசோதா என்றதும் சிரித்தீர்களே, அதில் எது கற்பனை?

இந்த இடத்தில் ஒருத்தர் வருவார், வந்தும்விட்டார். "நீங்க எந்தக் கட்சிக்கு வேலை பாக்கீங்கன்னு தெரியும் சார். 2010-ல 2ஜிக்காக ஒரு கூட்டத்தொடரையே முடக்கினாங்களே, அப்போ எங்க போனீங்க?" ஆமாம் ஐயா. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் அநேகமாக மொத்தமும் போச்சு. அப்போது எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் இப்போது ஆளுங்கட்சி, அப்போது ஆண்டவர்கள் இப்போது எதிர்க்கட்சி. வசனத்தை மாற்றிக்கொண்டார்கள், நாடகம் அதுதான். நான் எங்கே போனேன் என்றால், திருநெல்வேலி ஜங்ஷனில் எங்க யூனியன் கூட்டத்தில் இதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது யாரும் வீடியோ எடுக்கவில்லை.

"கத்தாம வேற என்ன செய்ய? விவாதம் கேட்டா கொடுக்க மாட்டேங்காங்க" என்று இன்னொரு தரப்பு. இதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கத்தினதால் என்ன கிடைத்தது என்று கேட்டால் அவர்களுக்கும் பதில் தெரியாது. ஆளுங்கட்சிக்கு அந்தக் கூச்சல் வசதிதான். கூச்சலுக்குள் மசோதாவை நிறைவேற்றுவது எவ்வளவு சுலபம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்திருக்கிறதே.

"ஜனங்க ஓட்டுப் போடுதாங்கல்ல, நம்பிக்கை இல்லாமயா வரிசையில நிக்காங்க" என்று மூணாவது ஆள். ஓட்டு தலைவருக்குப் போகிறது, சின்னத்துக்குப் போகிறது, சிலசமயம் கவருக்குப் போகிறது. அந்தச் சபை நமக்காகப் பேசும் என்று நினைத்து வரிசையில் நின்ற ஒருத்தரை எனக்குக் காட்டுங்கள்.

ஏன் இவ்வளவு கோபம் என்று என் வீட்டுக்காரியே கேட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியாததா? 2023 டிசம்பர் 17.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் எங்க வீட்டுக்குள் தாமிரபரணி விடியக்காலம் வந்து நின்றாள். இடுப்பளவு தண்ணி. ஃபிரிட்ஜ் படகு மாதிரி மிதந்து போய்ப் பூஜை அறை வாசலில் தட்டிக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் நாங்கள் ரெண்டு பேரும், பக்கத்து வீட்டு ஆச்சியும், அவங்க பூனையும். கரண்டு இல்லை, போன் இல்லை. ஏரலில் இருக்கிற என் தங்கச்சி உசிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான ஆட்களோடு மாட்டிக்கொண்டு நின்றதுகூட எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். மூணாம் நாள் சிக்னல் வந்தது. முதலில் தங்கச்சிக்குப் போட்டேன், கிடைக்கவில்லை. நியூஸைத் திறந்தால் 18-ஆம் தேதி ஒரே நாளில் 78 எம்.பி.க்கள் சஸ்பெண்ட், மறுநாள் இன்னும் 49.

13-ஆம் தேதி சபைக்குள் ரெண்டு பேர் குதித்துப் புகை அடித்தார்களே, அதற்கு உள்துறை அமைச்சர் விளக்கம் சொல்லணும் என்று கேட்டதில் ஆரம்பித்தது. மொத்தம் 146 பேர். பக்கத்துத் தொகுதி தூத்துக்குடி எம்.பி. கனிமொழியை 14-ஆம் தேதியே வெளியே போட்டாச்சு. அதே பட்டியலில் சேலம் எம்.பி. பார்த்திபன் பேரும் இருந்தது. அவர் அன்றைக்குச் சபைக்கே வரவில்லை! அப்புறம் வாபஸ் வாங்கினார்கள். வராதவன் கலாட்டா பண்ணினதாகப் பேர் எழுதுகிற வேலையை எங்க கிளாஸ் லீடர்கூடச் செய்ததில்லை.

இத்தனை பேர் வெளியே இருக்கும்போதுதான் 1860-லிருந்து இருந்த தண்டனைச் சட்டத்தை மாற்றுகிற மசோதா 20-ஆம் தேதி மக்களவையிலும் 21-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது.

நான் மாடியில் நின்று இதைப் படித்தேன். கீழே என் வீட்டுக்குள் சேறு. முப்பது வருஷம் சேர்த்து வைத்த போட்டோ ஆல்பம் கூழாகிக் கிடக்கிறது. எங்கள் தண்ணியைப் பற்றி அந்தச் சபையில் நாலு வார்த்தை பேச வேண்டிய பக்கத்து ஊர் எம்.பி. சபைக்கு வெளியே. "அதனாலதான் அவங்க நேரா வெள்ளத்துக்கு வர முடிஞ்சுது, நல்லதுதானே" என்று ஒருத்தர் போன மாசம் இங்கேயே எழுதினார். அப்படியானால் 543 பேரையும் சஸ்பெண்ட் பண்ணிவிட்டால் ஊர் செழித்துவிடும், செய்யுங்கள்.

சனிக்கிழமை அந்தப் பிள்ளை சுத்தியலைத் தட்டி, "யூ ஆர் சஸ்பெண்டட்" என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த மாடிதான் ஞாபகம் வந்தது. ஜனங்கள் கோபமாக இருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். கோபப்படுகிறவன் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறான். சிரிக்கிறவன் கணக்கை முடித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பன்னிரண்டு போட்டேன். மார்க் போனது பிள்ளைகளுக்கு. அது அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். மூணாவது மன்னிப்பு.

'பெருசு', 'பூமர்', 'ஒன்பது நிமிஷ அண்ணாச்சி' என்று எழுதினவர்களிடம் கேட்க மாட்டேன். அதில் ஒருத்தருக்கு நான்தான் பாலிசி லோன் பாரத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அணியிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. கடைசி வரிசையில் கடைசி வரைக்கும் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. "சார், நான் பேசாததுக்கா மார்க் குறைச்சீங்க? எனக்குக் கேள்வி நேரம் இருந்துச்சு சார். அதுக்குள்ள ஒத்திவச்சிட்டாங்க." தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அந்தத் தாளில் இருப்பது மாநகராட்சி விஷயம், டெல்லியில் கேட்கிற கேள்வி இல்லை என்று கீழே எழுதப்போகிறீர்கள், தெரியும். மாநகராட்சியில் கேட்டாச்சு. கோர்ட்டில் கேட்டாச்சு, 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகள் ஆற்றங்கரைக்கே வந்து பார்த்துவிட்டும் போனார்கள். எங்கேயாவது ஒரு இடத்தில் கேட்கத்தானே வேண்டும்? பிள்ளை எழுதினபடியே போடுகிறேன்:

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, தாமிரபரணி ஆற்றில் சாக்கடை கலப்பது அமைச்சருக்குத் தெரியுமா? தெரியும் என்றால், அதை நிறுத்த என்ன செய்தார்?

துணைக் கேள்வி: அமைச்சர் அந்த ஆற்றில் குளிப்பாரா?"