நிறுத்துப் பார்த்த நீரும் அச்சிட்ட அளவும்

மட்டக்களப்புக் கடைகளில் வாங்கிய 500 மில்லிலீற்றர் குடிநீர்ப் போத்தல்களை நிறுத்து, உள்ளே இருந்த நீரை அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டிருக்கும் இக்கட்டுரையைக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் மகிழ்ச்சியோடு வாசித்தேன். ஆனால் ஒரு கிராமை ஒரு மில்லிலீற்றராகவே எடுத்துக்கொண்டது சரியன்று. நமது வெயிலில், 30 பாகை செல்சியசில், 500 மில்லிலீற்றர் நீரின் நிறை ஏறத்தாழ 497.8 கிராம்தான், ஆகவே முழுமையாக நிரப்பிய போத்தலும் 2 மில்லிலீற்றர் குறைந்ததாகத் தோன்றும். இதைச் சிறு பிழையென்று விட முடியாது. பத்துப் போத்தல்களின் இடை (சராசரி) 498 மில்லிலீற்றர், நியம விலகல் (அளவுகள் இடையைச் சுற்றிச் சிதறும் அளவு) 3 எனக் கிடைத்தால், குறைவு தற்செயலானதா என்று சோதிக்க உதவும் ரீ-பெறுமானம் −2.11 ஆகும், 5 சதவீத மட்டத்தில் (தவறாகக் குற்றஞ்சாட்டும் வாய்ப்பு 5 சதவீதம்) குறைவை மட்டும் தேடும் ஒருபக்கச் சோதனையின் எல்லையான −1.83ஐ அது தாண்டிவிடுவதால், குற்றமற்ற நிறுவனமொன்று குறைத்து நிரப்பியதாக முடிவாகிவிடும். இது நியாயமல்ல. மேலும், பத்தும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவையென்றால், அவை பெரும்பாலும் ஒரே நாளில் ஒரே இயந்திரம் நிரப்பியவையாக இருக்கும். ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்களில், வெவ்வேறு தொகுதி எண்களில் வாங்குவதே முறை. சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் பரிந்துரைப்படி, இந்த அளவுப் பொதியொன்றில் 15 மில்லிலீற்றர் வரையான குறைவு பொறுக்கத்தக்கது. ஆயினும் தொகுதியின் சராசரி அச்சிட்ட அளவிலும் குறையக் கூடாது. எனவே ஒவ்வொரு போத்தலின் அளவையும் தனித்தனியே அட்டவணையில் தருமாறு கட்டுரையாளரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.