பதினொரு வெற்றி, ஒரே தோல்வி, வெளியே போ!

1967-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை.

அந்த வருஷம் நியூ ஆர்லியன்ஸ் புதிதாக வந்து சேர, அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீக்கில் 16 அணிகள் ஆயின. நாலு நாலாகப் பிரித்து நான்கு டிவிஷன் போட்டார்கள். அதில் ஒன்றுதான் கோஸ்டல். பால்டிமோர், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா. ஒவ்வொரு டிவிஷனிலும் முதலிடம் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் பிளேஆஃப், அதாவது பட்டத்துக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள்.

அக்டோபரில் கோல்ட்ஸும் ராம்ஸும் மோதி 24-24 என்று டிரா. டிசம்பர் 9-ம் தேதி ராம்ஸ் கதை முடியவேண்டியது. கிரீன் பே 24-20 என முன்னிலை, ஒரு நிமிஷம்கூட பாக்கியில்லை. கிரீன் பே உதைத்த பந்தை ராம்ஸின் டோனி கில்லரி பாய்ந்து தடுத்தார். அடுத்த சில நொடிகளில் கேப்ரியல் வீசிய பந்தை பெர்னி கேஸி பிடிக்க, 27-24 என ராம்ஸ் வெற்றி!

கடைசி நாள், லாஸ் ஏஞ்சலிஸ். அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத கோல்ட்ஸை ராம்ஸ் 34-10 என்று வீழ்த்தியது. இரண்டுக்கும் 11 வெற்றி, 1 தோல்வி, 2 டிரா. 1965-ல் இப்படிச் சமமானபோது தனியாக ஒரு ஆட்டம் வைத்தார்கள். இப்போது நேருக்கு நேர் கணக்குதான் என்று விதி மாறியிருந்தது. கோல்ட்ஸ் வெளியே. 9 ஆட்டம் ஜெயித்த டல்லஸ், கிளீவ்லாந்து, கிரீன் பே மூன்றும் உள்ளே! கிரீன் பே கோல்ட்ஸிடம் அதே பருவத்தில் தோற்ற அணி. கடைசியில் சூப்பர் பௌல் என்ற இறுதிப்போட்டியை ஜெயித்ததும் அவர்கள்தான்.

ராம்ஸைக் குறை சொல்லமாட்டேன், ஜெயித்துத்தான் போனார்கள். தப்பு, இரண்டாம் இடத்துக்கு வழியே வைக்காத விதியில். 1970-ல் எதிர் லீக்கான ஏ.எஃப்.எல். இணைப்போடு கோஸ்டல் மூன்றே பருவத்தில் கலைந்தது, முதலிடம் பிடிக்காத அணிக்கும் பிளேஆஃபில் இடம் தரும் வைல்டு கார்டும் வந்தது. சரி, நல்ல விஷயம்.

ஆனால் பாதிதான் சரியானது. 2010 பருவத்தில் 7 வெற்றி, 9 தோல்வி என்று முடித்த சியாட்டில், டிவிஷன் பட்டம் வாங்கிய ஒரே காரணத்தால், 11 வெற்றி, 5 தோல்வி கண்ட நியூ ஆர்லியன்ஸைத் தன் சொந்த மைதானத்துக்கு வரவழைத்து ஆடியது. டிவிஷன் சாம்பியனுக்கு பிளேஆஃபில் இடம் தாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்த மைதானம் யாருக்கு என்பதை மட்டும் வெற்றிக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.