கோலார் மேடுகளில் தங்கம் தேடுவதற்கு முன்னால்

கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகளில், அதாவது சுரங்கக் கழிவைக் கொட்டிய குன்றுகளில், மிச்சம் இருக்கும் தங்கத்தை எடுக்கலாம் என்று 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் சொன்னது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கும் கொஞ்சம் மேல். 'தங்கவயலுக்கு மறுபடியும் விடிவுகாலம்' என்று நண்பர்கள் பலர் அந்தச் செய்தியைப் பகிர்ந்தார்கள். வேலை கிடைக்கும் என்ற அவர்கள் ஆசை நியாயமானது. தங்கவயலின் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்பும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வராமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. தங்கம் எடுத்த பிறகு அந்த மண் யாருடையது?

மேடு எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். தங்கம் வெள்ளைக்கல் பாறையில் கண்ணுக்குத் தெரியாத துகளாக ஒட்டியிருக்கும். பாறையை மாவு மாதிரி அரைத்து, தண்ணீரும் சோடியம் சயனைடும் கலந்து ஊறவைத்தால் தங்கம் கரைந்து தனியே வரும். மாவு அப்படியே நிற்கும். அதைக் கொண்டுபோய் ஊருக்குப் பக்கத்திலேயே கொட்டினார்கள். 120 வருடத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். கொட்டிக் கிடக்கும் மாவு சுமார் மூன்று கோடி டன்.

சயனைடு என்ற பேருக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வெயிலிலும் காற்றிலும் அதில் பெரும்பங்கு நாளடைவில் சிதைந்துவிடும். சிதையாதது அந்த வெள்ளைக்கல் தூள், அதாவது சிலிக்கா. ஆடிக் காற்று அடித்தால் மேட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் புழுதி எழும்பி தொழிலாளர்களின் லைன் வீடுகள் மேல் இறங்கும். ஜன்னலைச் சாத்தினாலும் சோற்றுப் பானை மூடி மேல் நரநரவென்று படியும். சுரங்கத்துக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வேலை செய்தவர்களின் நுரையீரலைத் தின்றதும் இதே சிலிக்காதான். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன நம் ஜனங்கள் அவர்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த மேட்டில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிராமை எடுத்தால் மீதி 9,99,999 கிராம் ஊரிலேயேதான் கிடக்கும். மேடு கரையாது, இடம்தான் மாறும். அதுவும் புதுசாக ஒரு முறை சயனைடில் நனைந்து, இத்தனை வருடத்தில் கொஞ்சம் இறுகிய மேல்பரப்பும் கலைந்து போன மண்ணாக. இதைச் 'சுத்தம் செய்யும் திட்டம்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. சுரங்கத்தை மூடும்போது அந்த இடத்தை என்ன செய்வது என்ற 'மூடும் திட்டம்' கட்டாயம் என்ற விதி இந்தியாவில் 2003-ல்தான் வந்தது. அதனால் மேட்டை யார் பராமரிப்பது, செலவு யார் தலையில் என்று எழுதிவைக்க அன்றைக்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லை. சரி, அன்று விதி இல்லை. இன்று இருக்கிறதே! பிரேசிலில் 2019 ஜனவரியில் புருமாடின்யோ சுரங்கக் கழிவு அணை உடைந்து சுமார் 270 பேர் செத்த பிறகு, கழிவுக்குச் சுரங்கக்காரரே கடைசிவரை பொறுப்பு என்ற உலகளாவிய தர நெறிகளும் 2020-ல் வந்துவிட்டன.

மேட்டைத் தொடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளபடியே இந்தத் தங்கம்தான் மேட்டை மூடுவதற்கான பணம். இன்னொரு முறை இப்படி ஒரு வாய்ப்பு வராது. எடுப்பவரிடம் முதலிலேயே வைப்புத்தொகை வாங்க வேண்டும். ஒரு மேடு முடிந்து, மண்போட்டு மூடி, புல் பிடித்த பிறகே அடுத்த மேட்டில் கைவைக்க விட வேண்டும். காற்றில் எவ்வளவு தூசி என்று ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிகுப்பத்திலும் தினமும் அளந்து பலகையில் எழுதிப் போட வேண்டும். பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு நுரையீரல் பரிசோதனை, அந்தப் பணத்திலிருந்தே.

தங்கவயல் நண்பர்களே, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால் கட்டாயம் போங்கள். எத்தனை பேருக்கு வேலை என்று கேளுங்கள். அப்புறம், கடைசி லாரி போன பிறகு அந்த மண்ணுக்கு யார் பேரில் பட்டா என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.