வாக்கர் தேடிய மழை

ராமானுஜன் கதையைக் கரைத்துக் குடித்தவர்களுக்குக்கூட கில்பர்ட் வாக்கர் என்ற பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தாவின் கணிதத்தை அவருக்குக் காட்டினார்கள். பார்த்த கையோடு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பிழைப்பைப் பற்றிய கவலை இல்லாமல் இவரைச் சில வருடங்களாவது கணக்கு மட்டும் போட விடுங்கள் என்பதுதான் சாரம். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

அந்த வாக்கர் அப்போது இந்திய வானிலைத் துறையின் தலைவர். இத்தனைக்கும் வானிலை படித்தவரே இல்லை. கேம்பிரிட்ஜ் கணிதக்காரர், பூமராங் வீசுவதில் பைத்தியம். 1904இல் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 1899இல் மழை நன்றாகவே இருக்கும் என்று துறை சொன்னது. வானம் கைவிரித்தது. பெரும் பஞ்சம்.

வாக்கர் செய்த காரியம் சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கொடுமை. உலகத்தில் எங்கெல்லாம் காற்றழுத்தம், வெப்பம், மழை என்று பதிவேடு இருக்கிறதோ, அதையெல்லாம் வருடவாரியாக வாங்கி, நம் பருவமழைக் கணக்கோடு பொருத்திப் பார்ப்பது. கணினி கிடையாது. இந்தியக் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து பேனாவால் பெருக்கிக் கூட்டினார்கள். அவர்களில் எத்தனை ராமானுஜன்கள் இருந்தார்களோ!

அந்தக் கணக்கிலிருந்து கிடைத்தது ஓர் ஏற்றம். கிணற்றில் இறைப்போமே, அந்த ஏற்றம்தான். பசிபிக் பக்கம் காற்றழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது. இங்கே கூடினால் அங்கே குறைகிறது. அதற்கு 'தென் அலைவு' என்று பெயர் வைத்தார். எனக்கு அவரிடம் இதைவிடப் பிடித்தது 1914இல் அவர் சொன்ன எச்சரிக்கை. ஏகப்பட்ட ஊர்க் கணக்குகளை ஒப்பிட்டுக்கொண்டே போனால் ஒன்றிரண்டு தற்செயலாகவே பொருந்தித் தொலைக்கும், ஏமாந்துவிடாதீர்கள் என்றார். நம் வாட்ஸ்அப் மழை ஜோசியர்களுக்கு இதை யாராவது ஃபார்வர்டு செய்தால் புண்ணியம்.

ஆனால் எதற்காக வந்தாரோ அது நடக்கவில்லை. பருவமழையை நம்பிச் சொல்லும் வித்தை கைகூடாமலேயே 1924இல் ஓய்வு பெற்றார். 1958இல் இறந்தார். அவருடைய இரங்கல் குறிப்பிலேயே, இந்த ஆராய்ச்சி எதிர்பார்த்தபடி எங்கேயும் போய்ச் சேரவில்லை என்ற தொனிதான். பத்துப் பன்னிரண்டு வருடம் பொறுத்திருக்கலாம். 1969இல் வானிலை அறிஞர் பியர்க்னஸ், பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவும் வாக்கரின் ஏற்றமும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கங்கள் என்று விளக்கி, அந்தக் காற்றோட்டத்துக்கு 'வாக்கர் சுழற்சி' என்று பெயரும் வைத்தார்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். இப்போது 1876-78இன் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி யார் எழுதினாலும் எல் நினோவில் ஆரம்பித்து எல் நினோவிலேயே முடித்துவிடுகிறார்கள். 1877இல் எல் நினோ கடுமையாக இருந்தது உண்மை. மழை ஏன் பொய்த்தது என்பதற்கு அது பதில். ஜனங்கள் ஏன் செத்தார்கள் என்பது வேறு கேள்வி. அதற்குக் காற்றழுத்தமானியில் பதில் கிடைக்காது. வைஸ்ராய் லிட்டன் தானிய ஏற்றுமதியைத் தடுக்கவில்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், ஓரணா காசு என்று கூலியைக் குறைத்தார், பஞ்சத்தைக் கவனிக்க அவர் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோகூட இல்லை. அது போதாது என்று சென்னை மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் சண்டை போட்டிருக்கிறார். அவரும் வெள்ளைக்காரர்தான்.

திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போனால் கீழே எட்டிப் பாருங்கள். தூண்களுக்கு நடுவே கறுப்பாக நிற்கிறதே பக்கிங்காம் கால்வாய், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தத் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டித்தான் நானும் தினம் வேலைக்குப் போகிறேன்.